ஊசி குத்திய பக்கங்கள்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால் வலி தேவலையா? நாள் முழுக்க நின்றுகொண்டே சட்டைக் காலர் பரிசோதிக்கிறாயே, ஒரு நாற்காலி போட்டுவிட்டால் உன் கம்பெனி குடிமுழுகியா போய்விடும்?

ஞாயிற்றுக்கிழமைதான் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். அந்தப் போன் கூடத்து மேஜையில் ஸ்பீக்கரில் கிடக்கிறது. நீ "எப்படிடி இருக்கே?" என்றதும் அவர், அத்தை, பக்கத்து வீட்டம்மா மூன்று பேரும் "நல்லா இருக்கா" என்று எனக்காகப் பதில் சொல்லிவிடுகிறார்கள். நானும் "ஆமாக்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தாடியின் நாலாவது புத்தகத்தை முடித்துவிட்டேன். (அவருடைய பெயரைச் சொல்லி நமக்குப் பழக்கமே இல்லை, பார். பின்னட்டைப் படத்தில் மார்பு வரை தொங்கும் அந்தத் தாடிதான் நமக்கு அவர்.) இன்னும் மூன்று பாக்கி. ஐந்தாவதைப் படிக்கட்டுமா, ஆறாவதா, ஏழாவதா? நீ எல்லாவற்றையும் படித்தவள். நீயே சொல். ஒரே ஒரு நிபந்தனை. குழந்தைக்கு ஒன்றும் ஆகக்கூடாது. ராஜா சாகட்டும், நகரமே எரியட்டும், எனக்குக் கவலை இல்லை.

அப்படி ஏதாவது வருமானால் பழையபடி ஊசி குத்தி அனுப்பு. எனக்கு ஒன்பது வயதில் அந்தப் பாம்பு வரும் அத்தியாயத்தை நீ குண்டூசியால் மூடிக் கொடுத்தாய், ஞாபகம் இருக்கிறதா? "எடுத்தேன்னு தெரிஞ்சுது, காது இருக்காது" என்றாய். இன்றுவரை நான் எடுத்ததில்லை. அந்தப் பாம்பு என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே கல்யாணம் ஆகி, ஒரு பிள்ளையும் பெற்றுவிட்டேன்.

கோஸுக்கு ஐந்து மாதம் முடிந்தது. துணியில் சுற்றினால் முட்டைக்கோஸ் மாதிரி இருக்கிறான் என்று நீ வைத்த பெயரைத்தான் டாக்டரம்மாவும் சொல்கிறார். எடை சரியாக இருக்கிறதாம். மூச்சும் சரியாக இருக்கிறது. நான் எண்ணிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பத்து நாள் இருப்பதாக வந்து மூன்றாம் நாளே கிளம்பிவிட்டாய். அந்த அவசர ஆர்டர் முடிந்ததா?

உன் அன்புத் தங்கை

•

ஜூன் 14

அடி வாலு,

உன் கடிதம் கிடைத்தது. இருவரும் சுகம். முழங்கால் அதன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன்.

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். கோஸின் எடை தெரிந்தது, மூச்சு தெரிந்தது. நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஒரு வரி இல்லை. அடுத்த கடிதத்தில் வேண்டும்.

புத்தகம். ஐந்தாவது இப்போது வேண்டாம். முழுக்க யுத்தம், பக்கத்துக்குப் பக்கம் யாராவது யாரையாவது புதைத்துக்கொண்டே இருப்பார்கள். ஏழாவது நன்றாக இருக்கும், ஆனால் தாடிக்கு வயதாகிவிட்டது, ஒரே உபதேசம். ஆறாவதைப் படி. "மிதக்கும் வீடு." ஒரு படகுக்காரியின் கதை. என் பிரதியையே இத்துடன் அனுப்புகிறேன். நடுவில் முப்பத்தெட்டுப் பக்கம் மூடியிருக்கிறேன். ஆறு ஊசி. எங்கள் பேக்கிங் மேஜையில் மடித்த சட்டை ஒன்றுக்கு ஆறு ஊசி கணக்கு. யாரோ ஒரு புண்ணியவான் வாங்கும் சட்டை ஊசியே இல்லாமல் மடிப்பு கலைந்து கிடக்கப்போகிறது.

எடுத்தாயோ, காது இருக்காது.

வேளைக்குச் சாப்பிடு. மாமா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அக்கா

•

ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். மாமாவுக்கு என் வணக்கம். சாப்பிடுகிறேன். தூங்குகிறேன்.

புத்தகம் பத்திரமாக வந்தது. பிரித்ததும் முகர்ந்து பார்த்தேன், உன் வீட்டு அலமாரி வாசனை. தாடி தாடிதான்! துடுப்பு போடாமல் தன்பாட்டுக்கு நகரும் படகு, அதன் மேல் ஒரு வீடு, வீட்டுக்குள் படகுக்காரி, அவள் இடுப்பில் பெயர் வைக்காத குழந்தை. அவள் கண்ணை மூடினால் படகு திசை மாறிவிடும் என்று ஒரு சாபம். அதனால் அவள் தூங்குவதே இல்லை. இதை எப்படி ஓர் ஆண்பிள்ளை எழுதினார் என்று ஆச்சரியமாக இருக்கிறது.

இன்று எட்டாவது அத்தியாயம் முடிந்தது. ஆறு ஏறிக்கொண்டே வருகிறது. அவள் குழந்தையைத் துணியால் மார்போடு கட்டிக்கொள்கிறாள். அடுத்த பக்கம் உன் ஊசி. தாண்டிப் படிக்க வேண்டும். நாளை படிக்கிறேன்.

குளியலறையில் இருந்த பெரிய வாளியை மாடிக்கு ஏற்றிவிட்டேன். அத்தை, "கைப்புள்ள தவழவே இல்ல, அதுக்குள்ள வாளியில போய் விழுந்துடுமா?" என்று சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

உன் தங்கை

•

ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? உன் பதிலுக்குக் காத்திருக்காமல் மறுபடி எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

ஊசியைத் தாண்டிப் பதினோராவது அத்தியாயத்தைத் திறந்தேன். ஒரு பக்கம்தான் படித்தேன். படகுக்காரி படகில் தனியாகக் கண்விழிக்கிறாள். ஆறு அடங்கிவிட்டது. குழந்தையைக் கட்டியிருந்த துணி மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. குழந்தை இல்லை.

அவள் அழவில்லை அக்கா. முகத்தைக் கழுவிக்கொள்கிறாள். அவ்வளவுதான் படித்தேன். மூடி, அலமாரியின் மேல் தட்டில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

குழந்தை எங்கே? முடிவைச் சொல்லக்கூடாது என்பது நம் வழக்கம். தெரியும். முடிவைச் சொல்ல வேண்டாம். இருக்கிறதா, இல்லையா? ஒரே ஒரு சொல் எழுது போதும்.

ஞாயிறன்று போனில் கேட்க வாயெடுத்தேன். "என்ன புத்தகம்?" என்றார் பக்கத்து வீட்டம்மா. நீயும் சட்டென்று மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாய்.

உன் தங்கை

•

ஜூலை 18

அக்கா,

சுகம்தானே? இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. மாமாவுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

நேற்று கோஸுக்குத் தடுப்பூசி போடும் நாள். சுகாதார நிலையம் பாலத்துக்கு அந்தப் பக்கம். ஒரு வருடத்துக்கு முன்பு இதே பாலத்தைத் தாண்டித்தான் தினமும் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்துக்கு வேலைக்குப் போனேன். இந்த ஆற்றுத் தண்ணீரில் என்னென்ன எவ்வளவு கலந்திருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நேற்று பாலத்தின் பாதி வரை போனேன். கீழே தண்ணீர். கைகள் தாமாகவே கோஸை விட்டுவிடும் என்று தோன்றியது. விடவில்லை. தோன்றியது, அவ்வளவுதான். கைப்பிடிச் சுவரைத் தொடாமல் நடுரோட்டிலேயே திரும்பி நடந்து வந்தேன். ஒரு வேன்காரர் கன்னாபின்னாவென்று திட்டினார்.

வீட்டில், "கூட்டமா இருந்துச்சு, அடுத்த வாரம் வரச் சொன்னாங்க" என்றேன்.

அவரிடம் புத்தகத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். மனிதர் லிஃப்ட் மெக்கானிக், எதையும் திறந்து பார்த்தால்தான் நிம்மதி. "ஊசிதானே, புடுங்கிப் பாத்துட்டா தீந்துச்சு. இதுக்குப் போய் சோறு எறங்காம உக்காந்திருப்பாங்களா?" என்கிறார். அவருக்குப் புரியவில்லை. நீ மூடிய பக்கத்தில் நல்லது இருந்ததே இல்லை. எடுத்துப் பார்த்துவிட்டால், பார்த்ததை மறுபடி எந்த ஊசியால் மூடுவேன்?

கோஸைக் குளிப்பாட்டுவது நான்தான், அத்தைக்கு இடுப்புப் பிடிப்பு.

பதில் போடு.

உன் தங்கை

•

ஜூலை 25

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். தாமதத்துக்கு மன்னித்துவிடு. மூன்று முறை எழுதி மூன்றையும் கிழித்துப்போட்டேன். "சட்டைக்குப் பதிலா காகிதத்துல தரப் பரிசோதனையா?" என்று மாமா கேலி செய்தார்.

முதலில் இதைக் கேள். அந்தக் குழந்தை இருக்கிறது. நன்றாக இருக்கிறது. ஒரு கீறல் இல்லை. அந்தப் பக்கங்களில் யாரும் சாகவில்லை, யாருக்கும் அடிபடவில்லை. அதற்காக நான் மூடவில்லை.

எதற்காக மூடினேன் என்று கேட்காதே. ஊசியையும் எடுக்காதே. நான் தேர்ந்தெடுத்ததுதான் தப்பு. புத்தகத்தைத் திருப்பி அனுப்பிவிடு, இரண்டாவதை மறுபடி படி. அதில் அந்தப் பேசும் கழுதை வருமே, நீ விழுந்து விழுந்து சிரிப்பாய்.

தடுப்பூசிக்கு அவரோடு போ. தனியாகப் போகாதே. டாக்டரம்மாவிடம் உனக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல். பாலத்தில் தோன்றியதை அந்த அம்மாவிடம் சொல். என்னிடம் சொன்ன மாதிரியே சொல்.

நான் வரலாம்தான். ஆனால் இங்கே லீவு கேட்டால் மேனேஜர் முகம் மூன்று முழம் நீளுகிறது. பார்க்கலாம்.

அக்கா

•

ஆகஸ்ட் 2

அக்கா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. மன்னித்துக்கொள்.

நீ சொல்வதை நம்பத்தான் பார்க்கிறேன். ஆனால் "ஒண்ணுமில்ல" என்று நீ சொன்ன எல்லா நாளும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நம் நாய்க்குட்டி டாக்டர் வீட்டிலேயே சந்தோஷமாக இருக்கிறது என்றாய். அம்மாவுக்குச் சின்ன ஆபரேஷன்தான் என்றாய். எனக்காகத்தான் சொன்னாய். இப்போதும் எனக்காகச் சொல்கிறாயோ என்று தோன்றினால் நான் என்ன செய்யட்டும்?

டாக்டரம்மாவிடம் போகவில்லை. தடுப்பூசியும் போடவில்லை.

இனி எழுதப்போவதை மாமாவிடம்கூடப் படித்துக் காட்டாதே.

செவ்வாய்க்கிழமை மதியம் கோஸைத் தொட்டியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். நாலு விரல் தண்ணீர்தான். என் இடது கை அவன் முதுகில். நான் கண்ணை மூடவில்லை என்றுதான் நினைத்தேன். இருமல் சத்தம் கேட்டு விழித்தேன். அவன் மோவாய் தண்ணீருக்குள் இருந்தது. என் கை தொட்டி விளிம்பில் கிடந்தது.

தூக்கினேன். இருமினான், தும்மினான், என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் ஏதோ விளையாட்டுக் காட்டினேன் என்று நினைத்துக்கொண்டான் போல.

அத்தை கூடத்தில் இருந்தார். "என்னம்மா சத்தம்?" என்றார். "ஒண்ணுமில்ல அத்தை" என்றேன். உன்னிடம் கற்றுக்கொண்டதுதான்.

மூன்று மாதமாக ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் நான் தூங்கவில்லை அக்கா. தூங்கினால் அவன் மூச்சை யார் எண்ணுவது? எண்ணுவதற்காகவே விழித்திருந்து, கடைசியில் எங்கே வந்து தூங்கியிருக்கிறேன் பார். எனக்கு என்னைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

உன் தங்கை

•

ஆகஸ்ட் 5

ஊசியை எடு.

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் கோஸை அத்தை மடியில் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டே உட்கார்ந்து படி. ஆறு ஊசியையும் எடு. ஒன்பதாவது, பத்தாவது அத்தியாயம்.

குளிப்பாட்டுவது இனி அவர். தொட்டியில் நடந்ததை இன்றைக்கே அவரிடம் சொல். நீ சொல்லவில்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரிலேயே நான் சொல்வேன்.

படித்ததும் எழுது. அதில் இருப்பது உனக்குப் பிடிக்கவில்லையென்றால் ஒன்றும் எழுத வேண்டாம். புத்தகத்தை மட்டும் அனுப்பிவிடு. நான் புரிந்துகொள்வேன். அதைப் பற்றி நாம் எப்போதும் பேச வேண்டாம்.

அக்கா

•

ஆகஸ்ட் 11

என் அருமை அக்காவுக்கு,

நான் நலமில்லை. ஆனால் எழுத முடிகிறது. நீ நலமா? இதை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. நீ நலமா?

ஆறு ஊசியையும் எடுத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, திருகாணி வைத்துக்கொள்கிற மாதிரி ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார்.

படகு கரை ஒதுங்குகிறது. அங்கே படகுக்காரியின் அக்கா இருக்கிறாள். விளக்குகள் மட்டுமே இருக்கிற வீடு, பிள்ளைகுட்டி யாரும் இல்லை. படகுக்காரி வாசலில் நிற்கிறாள். "தூங்கணும்" என்கிறாள், அவ்வளவுதான். அக்காக்காரி ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையை வாங்கிக்கொள்கிறாள். துணியை உதறி மடித்துக் கொடுக்கிறாள். குழந்தை கரையில் இருக்கும்வரை படகு திசை மாறாது, சாபம் தாய்க்குத்தான், அவளுக்காக இன்னொருத்தி விழித்திருந்தால் அது செல்லாது. படகுக்காரி போய்ப் படகில் படுத்துத் தூங்குகிறாள். பதினோராவது அத்தியாயத்தில் அதனால்தான் முகம் கழுவுகிறாள்! அழுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. பதினான்கில் திரும்பிப் போய்க் குழந்தையை வாங்கிக்கொள்கிறாள், அது அவளைப் பார்த்ததும் கையை நீட்டுகிறது. ஒரே மூச்சில் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டேன்.

இதைப் போய் மூடிவைத்தாயே என்று முதலில் கோபம் வந்தது. பிறகுதான் புரிந்தது.

நீ வந்த மூன்றாம் நாள் கோஸ் உன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டம்மா அத்தையிடம், "பெத்தவகிட்ட குடுக்கச் சொல்லுங்க. இல்லாதவங்க கையில ரொம்ப நேரம் இருந்தா ஏக்கம் பட்டுடும்" என்றார். அத்தையும், "ஆமாமா, குடும்மா" என்று கை நீட்டினார். நீ கொடுத்துவிட்டாய். அன்று சாயங்காலமே உனக்கு அவசர ஆர்டர் வந்தது.

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன் அக்கா. எல்லாம் கேட்டது. பிள்ளை பெற்ற களைப்பு, வாய் திறக்கத் தெம்பில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெம்பு இருந்தது. அந்த நிமிஷம் நானும், ஒருவேளை படுமோ என்று பயந்தேன். அதுதான் உண்மை. அதைத்தான் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதாமல் விட்டேன்.

இப்போது அவருக்கு எல்லாம் தெரியும். பாலம், தொட்டி, எல்லாம். சத்தம் போடவில்லை. "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று மட்டும் நாலைந்து தடவை கேட்டார். கோஸைத் தூக்கிக்கொண்டு பாலத்தில் எனக்கும் ஆற்றுக்கும் நடுவில் நடந்தார். தடுப்பூசி போட்டாயிற்று. டாக்டரம்மா என்னோடு ஒரு மணி நேரம் பேசினார். இது வியாதியாம், பெயர்கூட இருக்கிறதாம், என்னைப் போல் எத்தனையோ பேர் வருகிறார்களாம். மாத்திரை கொடுத்திருக்கிறார். தூக்கம்தான் முதல் மருந்து, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். நான் வாய் திறக்கும் முன் அத்தை, "இவ அக்கா இருக்கா" என்றார். வெளியே வந்ததும், "அன்னிக்கு நான் கை நீட்டினது அவ மனசுல தைச்சிருக்கும்ல?" என்று கேட்டு அழுதுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை உன்னோடு பேச வேண்டுமாம். ஸ்பீக்கர் இல்லாமல்.

சனிக்கிழமை காலை ரயிலில் நானும் கோஸும் வருகிறோம். அவர் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்புவார். நான் ஒரு மாதம் உன் வீட்டில் இருப்பேன். அவன் உன் தோளில் இருக்கட்டும். எத்தனை நேரம் வேண்டுமானாலும்.

இத்துடன் ஒரு தீப்பெட்டியில் ஆறு ஊசியும் இருக்கிறது. ஏதாவது சட்டைக்கு வைத்துவிடு.

ஐந்தாவதும் ஏழாவதும் பாக்கி. அடுத்து எது? எழுது.

உன் தங்கை

•

ஆகஸ்ட் 14

வாலு,

கடிதம் வந்தது. மாமா படித்துவிட்டு மாடி அறையைக் கூட்டப் போய்விட்டார். லீவு கேட்டேன். மேனேஜர் முகம் நீளத்தான் செய்தது. நீளட்டும்.

அந்த முப்பத்தெட்டுப் பக்கத்துக்காகத்தான் ஆறாவதையே தேர்ந்தெடுத்தேன். பார்சல் கட்டும்போது தைரியம் போய்விட்டது. "புள்ளைக்கு அடி போடுறா" என்று நீயும் நினைத்துவிட்டால்? மூடிவிட்டேன். என் மானத்தைக் காப்பாற்ற நான் குத்திய ஊசி உன்னைத் தொட்டி வரை கொண்டுபோயிருக்கிறது. இதை நான் மறக்கமாட்டேன்.

கதவுக்குப் பின்னால் நீ நின்றது எனக்குத் தெரியும். உன் கால் தெரிந்தது. அதைப் பற்றி வந்து பேசலாம், பேசாமலும் இருக்கலாம்.

தீப்பெட்டி வந்து சேர்ந்தது. ஐந்து ஊசிதான் இருக்கிறது. ஆறாவதைக் கோஸ் விழுங்கவில்லை என்று பார்த்துக்கொள். (பயப்படாதே. உன் கடிதத்திலேயே குத்தியிருந்தது.)

அடுத்து எது படிக்க என்று கேட்டிருக்கிறாய். முதலில் வந்து தூங்கு. எழுந்ததும் சொல்கிறேன்.

அக்கா